நளினி போட்ட அம்புக்குறி

மேடையை நிறைத்து, போதாமல் இன்னும் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மெயின்லாந்திலிருந்து விமானமேறி வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே! நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, இந்தப் புரோத்ராபூர் மண்டபத்தின் தரையில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் தோட்டத்துச் சொந்தங்களே! நளினியின் தாய்மாமன் குணாவின் வணக்கம்.

எனக்குக் குமட்டுகிறது. கப்பல் ஆட்டத்தால் அல்ல. வங்கக் கடலையே அண்ணாந்து குடித்து ஏப்பம் விட்ட வயிறு இது. ஒரு மணி நேரமாக இந்த மேடையிலிருந்து வழியும் புகழ்ச்சிப் பாகுதான் எனக்குக் குமட்டுகிறது!

வாசலில் ஃபிளெக்ஸ் பார்த்தேன். ‘மருத்துவ மேதை நளினி’ என்று போட்டிருக்கிறது. மருத்துவமா? மரம் ஐயா, மரம்! முதலில் பேசியவர், இருந்திருந்தால் புற்றுநோய்க்கு மருந்து கண்டிருப்பாள் என்றார். அடுத்தவர், கலெக்டராகியிருப்பாள் என்றார். இன்னும் இரண்டு பேர் பேசவிட்டால் அவளை நிலாவுக்கே அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவள் உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் என்ன சொல்லின? “ரப்பர் மரத்துக்கு எதுக்கு பொண்ணே கம்ப்யூட்டரு? பேசாம பேங்க் எக்ஸாம் எழுது.” சொன்னீர்களா, இல்லையா? தலையைக் குனியாதீர்கள், நாற்காலியில் நன்றாகச் சாயுங்கள்!

யார் இந்த நளினி? கட்சாலில் ரப்பர் பால்வெட்டும் கணபதிக்கும் என் அக்கா சொர்ணம்மாவுக்கும் பிறந்தவள். ஆராய்ச்சி மாணவி. பட்டம் கைக்கு வரும் முன்பே எலிக்காய்ச்சலுக்கு இரையானவள்.

அவள் ஆராய்ந்தது என்ன? இந்த மேடையில் ஒருவராவது கேட்டீர்களா? நான் சொல்கிறேன். ரப்பர் மரத்தை வெட்டினால் பால் வரும். சில மரம் திடீரென்று வற்றிவிடும். ஏன்? மரத்துக்குள்ளே ஆயிரமாயிரம் மரபணுக்கள். ஒன்று விழித்தால் இன்னொன்றை எழுப்பும், வேறொன்றை அமுக்கும். யார் யாரை எழுப்புகிறார், யார் யாரை அமுக்குகிறார் என்று அம்புக்குறி போட்டு, கணினிக்குள் ஒரு வலை பின்னினாள். வலை சரியாக இருந்தால், கணினிக்குள்ளேயே அந்த மரம் வற்ற வேண்டும். வற்றவில்லையே! பால் வந்துகொண்டே இருந்தது! அந்தப் பாலைச் சேர்த்திருந்தால் இந்தப் பூமி உருண்டைக்கே ஒரு டயர் மாட்டியிருக்கலாம்.

மரப்பட்டைத் துண்டுகளை ஐஸ் பெட்டியில் போட்டு, கப்பலில் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு வருவாள். “க்யா தீதி, மச்லி ஹை?” என்று ஒருவன் மோப்பம் பிடித்தான். “மீன் இல்லை பையா, எங்க அப்பாவோட மரம்” என்றாள். இப்படிச் சொல்ல இந்தத் தீவுகளில் வேறு யார் இருந்தார்கள்?

ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள், கூடப் படிக்கும் ஜஸ்னாவையும் அழைத்து வந்திருந்தாள். குடும்பத்தையே வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஆளுக்கொரு மரபணு. எழுந்து நின்றால் அது வேலை செய்கிறது, உட்கார்ந்தால் ஓய்கிறது. அவள் வலைப்படி, சந்திரசேகர் பெரியப்பா எழுந்தால் அவருடைய மருமகள் சித்ரா உட்கார வேண்டும். பெரியப்பா எழுந்தார். சித்ராவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்!

“அண்ணி, உட்காருங்க!”

“மாமனார் நிக்கிறாரு, நான் எப்படிம்மா குந்துறது?”

“நீங்க இப்ப மருமக இல்ல அண்ணி, ஜீனு!”

“ஜீனா இருந்தா மட்டும் மரியாதை வேணாமா?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் நிக்கோபாரின் தேங்காயெல்லாம் உதிர்ந்தது. நளினி மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். “ஜஸ்னா, இது அதை அமுக்குதுன்னு நாம போட்டிருக்கோம். ஒருவேளை அதுவும் கூடவே எழுந்திருச்சா?”

பட்டைத் துண்டுகளின் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். அமுங்க வேண்டிய மரபணு ஒன்று உண்மையிலேயே கூட எழுந்து நின்றது! அந்த அம்புக்குறியை மாற்றினாள். கணினி மரம் அடங்கியது. “வத்திருச்சு மாமா! வத்திருச்சு!” என்று தொலைபேசியில் கத்தினாள். மரம் வற்றியதற்கு ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்த ரப்பர் குடும்பம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

அதைத் தன் ஆய்வுக்கு வழிகாட்டியான இந்தப் பேராசிரியர் ஐயாவிடம் கொண்டுபோனாள். “இது குடும்பக் கதை. ஆய்வு இல்லை. ஒதுக்கி வை” என்றாராம். அவர் ஒதுக்கச் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் இந்த ஜஸ்னா. அதே ஐயா சற்றுமுன் இதே மைக்கில் என்ன முழங்கினார்? “எங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்பு!” கைதட்டினீர்களே! இரங்கல் கூட்டத்தில் கைதட்டிய ஒரே சபை என்று உங்களைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும்!

கூட்டம் தொடங்கும் முன் நானே போய்க் கேட்டேன். “ஐயா, இந்தக் கண்டுபிடிப்பு பத்தின கட்டுரை வரும்போது நளினி பேரு எங்க வரும்?”

“அங்கிள், அதுக்கு ஒரு நடைமுறை இருக்கு. நன்றியில போடுவோம்.”

நன்றியிலா! கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ஐஸ் பெட்டி தந்தவருக்கும் கரண்ட் தந்தவருக்கும் நடுவிலா? சீ! அழுகிய மீனுக்குக்கூட இத்தனை நாற்றம் கிடையாது. பிணத்துக்கு மாலை போட்ட கையாலேயே அதன் விரல் மோதிரத்தை உருவுவதற்குப் பெயர் நடைமுறையா?

என்ன ஐயா முணுமுணுக்கிறீர்கள்? இது பேசும் இடம் இல்லையா? பிறகு எது இடம்? நீங்கள் விமானத்தில் ஏறி ஜன்னலை மூடிக்கொண்ட பிறகா?

அன்பர்களே! சபதம் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மீதி வேலையை ஜஸ்னா முடிப்பாள். அவளுக்கு வேண்டிய பட்டைத் துண்டுகளை நான் கொண்டு வருவேன். கப்பல் ஓடாவிட்டால் பெட்டியைப் பல்லில் கவ்விக்கொண்டு கட்சாலிலிருந்து நீந்தி வருவேன். முதலை வந்தால் அதற்கும் நளினியின் வலையை விளக்கி, அது கொட்டாவி விடும்போது தப்பி வருவேன். இதெல்லாம் என்னால் ஆகும். அந்தக் கட்டுரையில் முதல் பெயரை எழுதுவது மட்டும் என் கையில் இல்லை.

அடுத்து மௌன அஞ்சலி என்று தலைவர் கண் காட்டுகிறார். மௌனம் கொஞ்சம் பொறுக்கட்டும் தலைவரே. முன்வரிசையில் என் அக்கா சொர்ணம்மா உட்கார்ந்திருக்கிறாள். பேராசிரியர் ஐயா, இந்தாருங்கள் மைக். மகளின் பெயரை எங்கே எழுதுவீர்கள் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.