குறுக்கே பாய்ந்த குண்டு

– இங்க வந்து பாரு மார்லிஸ். இது குண்டு போன ஓட்டையா, சாவித் துவாரமா?

– கொஞ்சம் தள்ளு ராசா, காத்துல குறி வெச்ச தாள் படபடக்குது. ஆமா, நீட்டமாக் கிழிச்சிருக்கு.

– குறுக்கால போயிருக்கு. மூக்கு முன்னாடி போகாம, படுத்துக்கிட்டே வந்து விழுந்திருக்கு. நீ சுட்ட மத்த ரெண்டு குண்டும் தாளையே தொடல.

– நான் சரியாத்தான் சுட்டேன், டுவேன். மண்மூட்டை மேல துப்பாக்கி அசையவே இல்ல.

– உன்னை யாரு சொன்னா? தப்பு தோட்டா அடைச்சவன் மேல. அதான் அப்பவே சொன்னேனே, விடு.

– என்னத்த சொன்ன?

– இந்தக் கைய வெச்சுக்கிட்டு இனிமே தோட்டா அடைக்கக் கூடாதுன்னு. காப்பிக் கோப்பையப் பிடிச்சா பாதி தரைக்குப் போகுது. குண்டைத் தோட்டாக் கூட்டுக்குள்ள கோணலா உக்கார வெச்சிருப்பேன். அது வேற எப்படிப் போகும்?

– பில்லிங்ஸ் ஊர் டாக்டர் கை நடுங்கும்னுதான் சொன்னாரு. ஆளே முடிஞ்சாச்சுன்னு சொல்லல.

– துப்பாக்கியை உன்கிட்ட குடுத்தாச்சு. சுடறது நீ, அடைக்கறது நான்னு பேசிக்கிட்டோம். அதுவும் போச்சுன்னா நான் எதுக்கு? மானைத் தொங்க விடறப்போ கயிறு பிடிக்கவா?

– கயிறு பிடிக்க ஆள் வேணுமே. நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?

– விளையாடாத. பக்கத்துப் பண்ணை ஆர்வல்கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வண்டி கொண்டு வரான். தோட்டா அடைக்கற பிரஸ், தராசு எல்லாத்தையும் அவன் எடுத்துட்டுப் போகட்டும். அந்தத் தொட்டிலையும் எடுத்துக்கச் சொல்லிட்டேன்.

– நீ செஞ்ச தொட்டிலையா?

– வேற எந்தத் தொட்டில் இருக்கு நம்ம வீட்டுல? நம்ம பொண்ணு கெல்சிக்கு வயித்துல புள்ள தங்காமப் போனதுலேருந்து ஷெட்டு உத்தரத்துல தொங்கிக்கிட்டே இருக்கு. தோட்டா அடைக்க உக்காந்தா என் தலைக்கு மேலதான். எனக்குத் தாங்கல மார்லி.

– என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

– கேட்டா அழுவ.

– சரி. சனிக்கிழமை வர்றப்போ பாத்துக்கலாம். இப்ப உன் பொட்டிய எடு. அதுல ஒரு கண்ணாடித் தகடு வெச்சிருப்பியே?

– எதுக்கு?

– நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்த. கோணலா உக்காந்த குண்டைக் கண்ணாடி மேல உருட்டினா மூக்கு ஆடும்னு. மிச்சத் தோட்டாவை ஒண்ணொண்ணா உருட்டு. நானும் பாக்கறேன்.

– இந்தா, உருட்டறேன்.

– ஆடுதா?

– இல்ல.

– அடுத்தது?

– ஆடல. இதுவும் ஆடல. என்ன இது, ஒண்ணு கூட ஆடல.

– இந்தக் கைதானே அடைச்சது?

– அப்ப வெடிமருந்து அளவுல தப்பு பண்ணியிருப்பேன்.

– பண்ணியிருக்க மாட்ட. புஸ்தகத்தப் பிரிச்சு வெச்சு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ எடை போட்ட. சாப்பிடக் கூப்பிட்டா வரல. எனக்கு அன்னிக்கு எவ்வளவு கோவம் தெரியுமா?

– அப்ப குழல் தேஞ்சிருக்கும். உங்கப்பன் காலத்துத் துப்பாக்கி.

– அதுக்கும் வழி இருக்கு. போன வருஷத்து ஈயத் தோட்டா வண்டியில மூணு கிடக்குது. காதை மூடிக்கோ.

– மெதுவா. அவசரப்படாத.

– சுட்டாச்சு. வா, நடந்து போய்ப் பாப்போம். பாத்தியா, மூணும் வட்டமா, பக்கத்துப் பக்கத்துல. ஒரு பிஸ்கட்டை வெச்சு மூடிடலாம். குழல் தேயல.

– அது போன வருஷத்துக் கை அடைச்சது.

– உன்னை என்னதான் பண்றது? சட்டில வேகாத அவரைக்கொட்டை மாதிரி அப்படியே கிடக்க.

– ஆமா, எனக்கு ஒண்ணு புரியல. இத்தனை வருஷமா ஈயக் குண்டுதானே? இந்த வருஷம் மட்டும் செம்புதான் வேணும்னு ஏன் அடம் பிடிச்ச?

– கழுகுக்காக. மான் குடலைத் தின்னு ஈயம் ஏறிச் சாகுதுங்களாம். ரேடியோவுல சொன்னாங்க.

– கழுகு மேல உனக்கு எப்போலேருந்து பாசம்? நம்ம கோழியத் தூக்கினப்போ துடைப்பத்தோட வாய்க்கால் வரைக்கும் ஓடினவ நீ.

– அதுக்காக அது செத்துப் போகணுமா? பேச்சை மாத்தாத. அதே எடைதானே வாங்கினேன்? பழசும் தொண்ணூறு கிரெயின், இதுவும் தொண்ணூறு. டப்பாவுல போட்டிருக்கு.

– எடை அதேதான்.

– அப்புறம் என்ன?

– ஒண்ணு பாக்கணும். பொட்டியில அடைக்காத குண்டு ரெண்டு வகையும் இருக்கும், எடு. தகடு மேல நிறுத்தி வை. பக்கத்துப் பக்கத்துல.

– செம்பு நெட்டையா இருக்கு.

– உனக்கும் அப்படித் தெரியுதா?

– தெரியாம? நல்லா ஒரு அரிசி உயரத்துக்கு மேல நிக்குது.

– குழல் துடைக்கிற கம்பியக் கொண்டா. நுனியில துணியை இறுக்கிச் சுத்து. கம்பில ஒரு டேப் ஒட்டு, மேல பாத்தாப்ல. துப்பாக்கி காலியா?

– காலி. நானே பாத்தேன். நீ கம்பியக் குழலுக்குள்ள தள்ளு.

– என் கை நடுங்கும்.

– நடுங்கட்டும். மேல நான் பிடிச்சுக்கறேன். ம், தள்ளு. உன் கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?

– அக்டோபர்ல கல்லுக்குழிக்குக் கூட்டிட்டு வந்தா வேற எப்படி இருக்கும்? மெதுவா. குழலுக்குள்ள சுருளா வெட்டியிருக்கற வரியோட சேந்து கம்பி தானாச் சுத்தும். அதைத் தடுக்காத. டேப் ஒரு சுத்து முடிச்சு மறுபடி மேல வந்ததும் சொல்லு.

– வருது... வந்தாச்சு.

– எவ்வளவு தூரம் உள்ள போயிருக்கு?

– பன்னெண்டு இன்ச்.

– பன்னெண்டா. உங்கப்பன் துப்பாக்கி சரியான சோம்பேறி மார்லிஸ். இந்த நெட்டைக் குண்டுக்கு எட்டு, ஒன்பது இன்ச்சுக்குள்ள ஒரு சுத்து வேணும்.

– எங்கப்பாவும் அப்படித்தான் இருந்தாரு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

– செம்பு ஈயத்தை விட லேசு. அதே எடை வேணும்னா நீளமாத்தான் செய்யணும். நீளமான குண்டு நேராப் போகணும்னா வேகமாச் சுத்தணும். கெல்சி சின்னவளா இருக்கப்போ பந்து எறிவாளே, ஞாபகம் இருக்கா? சுத்தாமப் புரண்டு புரண்டு வந்து உன் தக்காளிச் செடி மேல விழும்.

– அப்ப உன் கை மேல தப்பில்ல.

– இல்ல.

– இன்னொரு தடவ சொல்லு.

– இல்லம்மா. என் கை மேல தப்பில்ல. ஆனா ஒரு விஷயம். அன்னிக்கே பாத்தேன். முதல் குண்டை எடுத்தப்பவே இது நீளமா இருக்கேன்னு தோணுச்சு.

– அப்புறம் ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடையில மாத்தியிருப்பேனே.

– என் கண்ணும் போயிடுச்சுன்னு நெனச்சேன். டாக்டரைப் பாத்துட்டு வந்ததுலேருந்து என்னை நானே நம்பறதில்ல. எது தோணினாலும் அது வியாதின்னு விட்டுடறேன்.

– முட்டாள். இங்க வா. கிட்ட வா.

– யாராவது பாப்பாங்க.

– பாக்கட்டும். இத்தனை வருஷமா நீ அடைச்சதை நம்பித்தானே கன்னத்துல துப்பாக்கியை வெச்சேன்? இனிமேலும் அப்படித்தான். உன் கண்ணுக்கு என்ன பட்டாலும் என்கிட்ட சொல்லு. தப்பா சரியான்னு ரெண்டு பேருமாப் பாத்துக்கலாம்.

– சரி.

– இப்ப இதுக்கு என்ன வழி?

– ஈயத்துக்கே திரும்பிடலாம். அதான் வட்டமா விழுதே.

– ஈயம் வேண்டாம்.

– அப்ப செம்புலயே குட்டையா, லேசா வாங்கணும். எழுபது கிரெயின்ல கிடைக்கும். மானுக்கு அது போதும், நீ கிட்டப் போய்ச் சுடறவ. வாங்கிட்டு வந்தா நாளைக்கே அடைச்சுடுவேன்.

– நாளைக்கே அடை. நவம்பர்ல நன்றித் திருநாள் விருந்துக்குக் கெல்சி வர்றதுக்குள்ள கறி வீட்டுல இருக்கணும்.

– இருக்கும். ஆனா மார்லி, கழுகுக் கதைய நான் நம்பல. எதுக்குச் செம்பு?

– சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. போன தடவ சீக்கிரமே சொல்லி, நீ ராத்திரி பகலா மரம் இழைச்சு, அப்புறம் உன் முகத்தைப் பாக்க முடியாமப் போச்சாம். அவளே வந்து உன்கிட்ட சொல்லணுமாம்.

– யாரு? என்னத்த?

– கெல்சி. அவ சாப்பிடற கறியில ஒரு பொட்டு ஈயம் கூட இருக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்கா.

– ஏன்? என் பொண்ணுக்கு உடம்புக்கு என்ன?

– உடம்புக்கு ஒண்ணுமில்ல ராசா. சனிக்கிழமை ஆர்வல் வந்தா, பிரஸ்ஸோட சேத்து அந்தத் தொட்டிலும் எங்களுக்கு வேணும்னு சொல்லிடு.