பச்சைப் பட்டை போட்ட டப்பா

இருங்கண்ணே, கயித்த அவுக்காதீங்க. பெட்டியெல்லாம் வண்டியிலயே இருக்கட்டும். அவரு பம்பு ரிப்பேர் பண்றவரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு, வர ஒரு மணி நேரம் ஆகும். ஆமா, உங்களுக்கு போன் பண்ணது அவருதான், என் வீட்டுக்காரரு. நாப்பது பெட்டி தேனீ கொண்டாங்கன்னு சொன்னாருல்ல, அப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். இறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை கேளுங்க. நிழல்லதான நிக்குது வண்டி, தேனீ கொஞ்ச நேரம் பொறுத்துக்கும்ல?

எங்க பாக்குறீங்க? அந்த வேலிக்குள்ளயா? அதுவும் தர்பூசணிதான். எட்டு வரிசை. அது எங்க வாய்க்கு. அந்தப் பக்கம் அஞ்சு ஏக்கர் கிடக்கே, அது ஊரு வாய்க்கு. வீட்டு வரிசையில ஒரு சொட்டு மருந்து விழாது. ஓரம் பூரா செண்டுப்பூ வச்சிருக்கேன், நடுவுல மஞ்சள் அட்டையில பசை தடவித் தொங்க விட்டிருக்கேன், பூச்சி வந்து ஒட்டிக்கும். மிச்சம் இருக்குற வண்டெல்லாம் காலையில நானே கையால பொறுக்கி சோப்புத் தண்ணியில போட்டுருவேன். நல்லாத்தான் காய்க்குது. மொத்தத்துக்கும் இதையே செஞ்சா என்னன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அஞ்சு ஏக்கருக்கும் நீ குனிஞ்சு வண்டு பொறுக்குவியான்னு சிரிச்சாரு. சரி, முதல்ல ஒரு ஏக்கர் செஞ்சு பாப்போம்னேன். காதுலயே வாங்கல.

போன தடவை காய் ஏத்த வந்தாரு ஒரு லாரிக்காரரு. நல்ல மனுஷன். வீட்டுல பிள்ளைங்க இருக்கு, ஒரு பழம் குடுங்கன்னு வாய்விட்டுக் கேட்டாரு. வீட்டு வரிசை பத்தடி தள்ளித்தான் இருக்கு. எங்காளு குவியல்ல இருந்து பெருசா ஒண்ணு எடுத்து, தட்டிப் பாத்து, சிரிச்ச முகமாக் குடுக்குறாரு. மருந்து அடிச்சு ரெண்டு நாள் ஆன பழம்ணே அது. அதுல நாங்க ஒரு கீத்து திங்க மாட்டோம். தடுத்தேனான்னு கேக்குறீங்களா? எங்க தடுத்தேன். அந்த மனுஷன் என்னப் பாத்து நன்றி வேற சொல்லிட்டுப் போறாரு.

இதுக்கெல்லாம் குரு ஒருத்தர் இருக்காரு, பூச்சி மருந்துக் கடைக்காரரு. நாங்க டாக்டர்னுதான் கூப்பிடுறது. ஒரு இலையக் கொண்டுபோய்க் காட்டுனா போதும், பெரிய படிப்பு படிச்ச மாதிரி ஒரு பார்வை, ரெண்டு டப்பா எடுத்து மேஜையில வைப்பாரு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்து அடிங்க, சொன்ன அளவுக்கு மேல அரை மூடி கூட ஊத்துங்க, பூச்சி பழகிருச்சும்பாரு. பூச்சி பழகிருச்சாம். நாமளும்தான் பழகிட்டோம். இந்தத் தொட்டியில முன்னாடி தவளை கத்தும், காது குடுக்க முடியாது. இப்ப டப்பாவக் கழுவி கழுவி ஊத்தி, அதுல ஒரு கொசுப்புழு கூட உயிரோட இல்ல. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு யாராவது கேட்டாங்களா? தூ.

இதோ வந்துட்டேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். முன்னாடியெல்லாம் தேனீ தானா வரும். யாரும் கூப்பிட வேணாம். அப்புறம் வர்றது நின்னுபோச்சு. பூ பூக்குது, பிஞ்சு வெம்பி விழுது. கடைசியில நாங்க நாலு பொம்பளைங்க விடிஞ்சதும் போயி, ஆம்பளப் பூவைப் பிச்சு ஒவ்வொரு பொம்பளப் பூ மேலயும் தடவுனோம். பூவுக்குக் கல்யாணத் தரகர் வேலை. சிரிக்காதீங்க, இடுப்பு விட்டுப்போச்சு எனக்கு. அதான் போன வருஷம் முதல் தடவையா ஒருத்தர்கிட்ட பெட்டி வாடகைக்கு எடுத்தோம்.

என்னது, வண்டியில இருக்குற அந்தச் சாக்கெல்லாம் அதுக்கா? நனைச்சுப் பெட்டி மேல போடவா? இங்க வெயில் கொடுமையா இருக்கும்னு போன வருஷம் பெட்டி கொண்டு வந்தவரு சொல்லி அனுப்பினாரா?

அவரு அப்படியா சொன்னாரு.

வெயில் இல்லண்ணே. வெயில்னு அவருக்குச் சொன்னது நான். அவரு பெட்டி வச்சுப் பத்து நாள்ல செடியில புழு விழுந்துச்சு. தேனீ வச்சிருக்கோம், பாத்துக் குடுங்கன்னு டாக்டர்கிட்ட நானேதான் கேட்டேன். பச்சைப் பட்டை போட்ட டப்பா, ஒண்ணும் செய்யாதுன்னாரு. டப்பாவுல கலர் பட்டை இருக்கும்ல, சிவப்புன்னா கொடிய விஷம், பச்சைன்னா லேசு. லேசுன்னா யாருக்கு? மனுஷனுக்கு. அந்தச் சின்ன விஷயம் எங்க ஒருத்தர் மண்டையிலயும் ஏறல. காலையில பூ விரிஞ்ச நேரத்துல அடிச்சாச்சு. மறுநாள் பெட்டி வாசல்ல எல்லாம் குவியல் குவியலாக் கிடக்குது. சிலது மல்லாக்கக் கிடந்து சுத்துது. வெளக்குமாறு எடுத்துக் கூட்டுனேன், ஒரு பக்கெட் நெறைஞ்சுபோச்சு. அப்புறம்தான் டப்பாவோட ஒட்டியிருந்த தாளப் பிரிச்சுப் படிச்சேன். பூ இருக்கும்போது அடிக்காதே, தேனீ சாகும்னு எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருக்கு.

பெட்டிக்காரரு வந்து மூடியக் கையில பிடிச்சுட்டு அப்படியே நிக்கிறாரு. வெயில்ணே, நேத்து தாங்க முடியாத வெயில்னேன். நம்பிட்டாரு. என்கிட்டயே தண்ணி வாங்கி, சாக்க நனைச்சு, மிச்சப் பெட்டி மேலயெல்லாம் பொறுமையாப் போத்தி விட்டாரு. உள்ள எல்லாம் செத்துட்டு இருக்கு. நான் ஓடி ஓடித் தண்ணி எடுத்துக் குடுத்தேன். அருவருப்பா இருக்குண்ணே. அந்த மனுஷன் நல்லெண்ணத்துல அதையே உங்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்காரு பாருங்க, அத நினைச்சா இன்னும் அருவருப்பா இருக்கு.

தெரியும், பெட்டி இறக்குனப்புறம் ஒரு சொட்டு அடிக்க மாட்டோம்னு என் வீட்டுக்காரரு உங்களுக்கு வாக்கு குடுத்திருக்காரு. அது நிஜம்தான், அடிக்க மாட்டோம். அதனாலதான் பெட்டி வர்றதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சிரணும்னு அவரும் டாக்டரும் உக்காந்து முடிவு பண்ணாங்க. என்னா மூளை. கொஞ்சம் கிட்டப் போயி இலையப் பாருங்க, வெள்ளையாப் படிஞ்சிருக்கும். சொன்னா நீங்க வேற தோட்டம் பாத்துப் போயிருவீங்களாம். டீ போட்டுக் குடுத்து இறக்க விடு, வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புனாரு.

அவரத் திட்டாதீங்க. அவரு அடிக்கல. அவருக்கு ரெண்டு வருஷமா மூச்சு வாங்குது, மருந்து அடிக்கிற பக்கமே போகக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. டேங்கு என் முதுகுலதான். போன வருஷமும் நான்தான். நேத்து காலையில பதினாலு டேங்கு, நீங்க இன்னிக்கு வர்றீங்கன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்.