முட்டுவீட்டுக்கு வராதவள்

— கதவைச் சாத்துடி சோணை. பேச்சு வாசலுக்குப் போகக் கூடாது.

— சாத்துனா மூச்சு முட்டுதுக்கா. தைப் பனியில ஊரே போத்திக்கிட்டுக் கெடக்கு, எனக்கு மட்டும் அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி எரியுது.

— எரியட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு. மூணு மாசமா ஏன் முட்டுவீட்டுக்கு வரல?

— தூரமானாத்தான வரணும்? ஆகல, வரல.

— இதையே ஊருக்குள்ள போயிச் சொல்லு. புருசன் மலைக்காய்ச்சல்ல போயி ரெண்டு வருசம், தீட்டு நின்னு மூணு மாசம்னு. கேக்க நல்லா இருக்கும்.

— மொக்கம்மாக்கா! நீங்களா இப்பிடிப் பேசுறீக? ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவளுக நாம.

— நான் பேசல. நாட்டாமை ஒச்சாண்டி பெஞ்சாதி பேசுறா. ஊருக் கோடியில இருக்கது ஒத்தக் குடிசை. தூரமானவ எவ வாரா, எவ வரலைங்கறது எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். “சோணையம்மாளுக்கு என்னவாம்?”னு அவதான் மொதல்ல வாயத் தெறந்தா. இப்ப ராக்கையா வண்டியில நீ உத்தமபாளையம் சந்தைக்குப் போன வரைக்கும் பேச்சு வந்திருச்சு.

— ராக்கையாவா? அவருக்கு ரெண்டு கண்ணும் பொரை! மாடுதான் வழி பாத்துப் போகுது. நான் ஏறுனேனா மூட்டை ஏறுச்சான்னே அந்த ஆளுக்குத் தெரியாதுக்கா.

— சிரிப்புக் காட்டாத. நாளைக்குக் கெங்குவார்பட்டியில இருந்து உன் மக கருத்தம்மாளுக்குப் பூ வைக்க வாராக. அதுக்கு முந்தி மருத்துவச்சிய விட்டு உன் வயித்த அமுக்கிப் பாக்கணுமாம்.

— பாக்கட்டும். எனக்கென்ன பயம்?

— கூறுகெட்டவளே. உள்ள ஒண்ணுமில்லேன்னு மருத்துவச்சி சொல்றதுக்குள்ள, வயித்த அமுக்குனாகங்கற சேதி கெங்குவார்பட்டி போயிச் சேர்ந்துரும். பெறகு எவன் உன் மகளுக்குப் பூ வைப்பான்?

— அக்கா... நீங்க என்னைய நம்புறீகளா?

— நம்பாமலா அடுப்புல கூழ விட்டுட்டு வந்திருக்கேன்? சொல்லு. ஒரேயடியாவா நின்னுச்சு?

— இல்லக்கா. போன வருசத்துல இருந்தே தாறுமாறு. ஒரு மாசம் வரும், ஒரு மாசம் ஏமாத்தும். வந்தா மடை ஒடைஞ்ச மாதிரி வரும். இப்பத்தான் அறவே இல்ல. கட்டி கிட்டி வச்சிருக்கோன்னு பயமா இருக்கு. மக கழுத்துல மஞ்சக்கயிறு ஏறுற வரைக்குமாச்சும் உசுரு நிக்கணும்னு சாமியக் கும்புட்டுக்கிட்டு இருக்கேன்.

— வெக்கை நெஞ்சுல கெளம்பி, கழுத்து வழியா மூஞ்சிக்கு ஏறுதா?

— ஆமா.

— ஏறி எறங்குனதும் வேர்த்துக் கொட்டிக் குளிருதா? ஒண்ணுமில்லாததுக்கு நெஞ்சு படபடங்குதா?

— பாத்த மாதிரியே சொல்றீக. உப்புப் போட்டமா போடலையான்னு மறந்து, கொழம்புல திரும்பத் திரும்பப் போட்டேன். கருத்தம்மா ஒரு வார்த்தை சொன்னா. சட்டியத் தூக்கிச் செவுத்துல எறிஞ்சுட்டேன். எறிஞ்சுட்டு நானே அழுகுறேன். பேய் கீய் புடிச்சிருச்சாக்கா எனக்கு?

— பேய்க்கு வேற ஆளா கெடைக்கல? வயசுடி. நாப்பத்தஞ்சு ஆச்சில்ல. பெரியாத்துத் தண்ணிய நிறுத்துறதுக்கு முந்தி வாய்க்கால்ல ஒருநா பெருகும், ஒருநா வத்தும். அந்தக் கணக்குத்தான்.

— அப்ப மருந்து?

— மொதல்ல அந்த வரக்காப்பிய விடு. மலையில இருந்து வந்த கொட்டை வீட்டுல இருக்குன்னு பொழுதுக்கும் குடிக்கிற. குடிச்ச கையோட வெக்கை ஏறுதா இல்லையா?

— ஏறுது. ஆனா காப்பி இல்லேன்னா தலை வலிக்குமே.

— ரெண்டு நாளு வலிக்கும், பெறகு அடங்கிரும். காரத்தக் கொற. பொழுதடையவே சாப்புட்டுரு. கேப்பைக் கூழுல மோர ஊத்திக் குடி, எள்ளு இடிச்சு ஒரு உருண்டை தின்னு, எலும்பு நிக்கும்.

— ராத்திரிதான் கொல்லுதுக்கா.

— தலமாட்டுல ஒரு சொம்புத் தண்ணி, ஒரு ஈரத்துணி. வேர்த்தா தொடச்சுட்டுப் படு. உக்காந்து ரோசிக்க ஆரம்பிச்சேன்னா விடிஞ்சிரும். சாயங்காலம் வெறுங்கைய வீசிக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் நட. நடந்த அன்னைக்குத் தூக்கம் வரும். திரும்பவும் மடை ஒடைஞ்ச மாதிரி பட்டுச்சுன்னா மட்டும் வாய மூடிக்கிட்டு இருக்காத, பெரியகுளத்து ஆசுபத்திரிக்குப் போயிரணும்.

— இம்புட்டும் உங்களுக்கு யாரு சொன்னா?

— எங்க சின்னமனூர்ச் சின்னாத்தா.

— அவுக காலராவுல சாகையில கைப்புள்ளக்காரின்னு நீங்கதான சொன்னீக?

— சொன்னேனா?

— ஒப்பாரியே வச்சீக. அக்கா, என் மூஞ்சியப் பாருங்க. நீங்கதான் மாசம் தவறாம முட்டுவீட்டுக்குப் போறீகளே?

— போறேன். பாயச் சுருட்டிக்கிட்டுப் போறேன், உக்காந்திருக்கேன், தலைக்கு ஊத்திட்டு வாரேன். ரெண்டு வருசமா ஒரு சொட்டு இல்ல.

— ஆத்தாடி! எதுக்குக்கா?

— அந்த மனுசனுக்கு இன்னமும் ஆம்பளப்புள்ள வேணும். நான் போயி வாரவரைக்கும் அவருக்கு நம்பிக்கை. நின்னுருச்சுன்னு தெரிஞ்சா, மறுவாரமே எளசா ஒருத்தியக் கூட்டியாந்துருவாரு. நீ உள்ளத உள்ளபடி வீட்டுல இருந்த, ஊரு பேசுது. நான் பொய்யாப் போறேன், எனக்கு ஒரு பேச்சில்ல.

— நான் இப்ப என்ன செய்ய?

— பாய எடு. இப்பவே என்கூட வா. அங்கன உக்காந்துட்டா மருத்துவச்சிக்கு வேலையில்ல. “ஆத்தா தூரம்”னு சொன்னா, வாரவுகளும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக.

— என் மகளுக்குப் பூ வைக்கிறத நான் பாக்க வேணாமா?

— தாலியறுத்தவள எப்பிடியும் அடுப்படியிலதான் நிறுத்துவாக. குடிசைக்குப் பின்னால நின்னா கொட்டுச் சத்தம் கேக்கும். அம்புட்டுத்தான் நமக்கு.

— அதுவும் சரிதான்... ஆனா ஒச்சாண்டி பெஞ்சாதி லேசுல விடுவாளா? அங்கனயும் வந்து துணிய ஒதறிப் பாப்பாக்கா.

— பாக்க மாட்டா. ஒருத்தி துணிய ஒதறுனா எல்லாரு துணியவும் ஒதறணும்; அவளுக்கு உன்னையக் கண்டா பயம்.

— என்னையக் கண்டா? நாட்டாமை பெஞ்சாதிக்கா?

— ஓடையில எனக்குப் பக்கத்துக் கல்லுலதான் அவளும் தீட்டுத்துணி அலசுறா. போன ஆவணியில இருந்து, அவ அலசுற தண்ணியும் தெளிவாத்தான் ஓடுது.