ஒற்றைக் கோடு

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், விழாது. இந்த வீட்டுக்கு ஆள் வந்து நாளாயிற்று.

ஓவியக்கூடத்துக்குச் சின்னம் செய்து கொடுத்தவன் நான்தான். சின்னம் என்றால் அடித்த ஆணி மாதிரி அசையாமல் இருக்கும் என்பார்கள். என்னுடையது அசையும். வாசலில் ஒரு சென்சார். உள்ளே எத்தனை பேரோ, அத்தனை நிமிர்ந்த கோடுகள். வந்தால் கூடும், போனால் குறையும். வாசல் திரை, நுழைவுச்சீட்டு, இணையப் பக்கம், எல்லாவற்றிலும் அந்த நேரத்துக் கோடுகள்தான். யாருமே இல்லையென்றால் வெறும் வெள்ளை.

நான் ஒண்டிக்கட்டை. சாயங்காலம் கூடம் மூடிய பிறகு போனைப் பார்த்தால் ஒரு கோடு நிற்கும். பொறுப்பாளர் பெண் இன்னும் வேலை பார்க்கிறது என்று அர்த்தம். அதை எதிரே வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். கூடப்பிறந்தவர் இல்லாதவனுக்கு அது பெரிய சொல் சார்.

விடுமுறைக்கு முதல் நாள் என்னை வரச் சொன்னது.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பாதி நாள் ஒத்தக் கோடுதான் நிக்குது. இங்க ஈ ஓட்டறோம்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி இருக்கு. லீவு முடிஞ்சதும் மாத்திடலாம்.”

“மாத்திட்டா, நீ உள்ள இருக்கறது எனக்கு எப்படிம்மா தெரியும்?”

முதலில் சிரித்தது. பிறகு சிரிக்கவில்லை.

“தினம் அதையா பாத்துட்டு இருக்கீங்க?”

அந்தக் கேள்வியில் அண்ணா இல்லை. மனசு விட்டுப்போயிற்று.

ஏதோ ஓவியத்தை எடுத்துவர வைப்பறைக்குள் போனது. ஓவியங்கள் கெடாமலிருக்க, காற்றுப் புகாதபடி கட்டிய அறை. கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். கொஞ்ச நேரம் தட்டியது. அதிர்வு படங்களுக்கு ஆகாதே என்று கவலையாக இருந்தது. விளக்கை அணைத்து, வாசலைப் பூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் போனைத் திறந்தால் ஒரு கோடு. மறுநாளும் இருந்தது. விடுமுறை முழுக்க அது என்னோடு இருந்தது. பெண் ஊருக்குப் போயிருக்கும் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். காவலாளி மட்டும் விடுமுறை தொடங்கிய அன்றே போனில் கூப்பிட்டார்.

“சார், பூட்டின கூடத்துல ஒரு கோடு நிக்குதே, சென்சார் கெட்டுப்போச்சா?”

“ஆமாப்பா, லீவு முடிஞ்சு சரி பண்ணிடறேன்.”

என் வேலையை நானே குறை சொன்னது அந்த ஒரு தடவைதான். அது பொய். சென்சாரில் ஒரு பழுதும் கிடையாது. அது இன்னும் உறுத்துகிறது.

இதோ, நீங்களே பாருங்கள். உங்கள் ஆட்கள் நாலு பேர் கூடத்துக்குள்ளே போயிருக்கிறார்கள், ஐந்து கோடு. கணக்கு சரிதானே?

ஒரே ஒரு உதவி சார். அந்தப் பெண்ணைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்கே சென்சார் இல்லை. முன்வாசல் வழியாகக் கொண்டுபோனால் கோடு போய்விடும். அப்புறம் இந்த வீட்டில் நான் தனியாகிவிடுவேன்.