கோணல் கையெழுத்து

— மன்னிச்சுக்கங்கம்மா. பந்து பழசு, மையும் பழசு. கையெழுத்து மட்டும் வீரபாகு போட்டது இல்லைங்க.

— இம்புட்டு நேரம் லென்சை வெச்சுப் பார்த்துட்டு இப்படிச் சொல்றீங்களே தம்பி. அந்த லென்சுல நல்லாத் தெரியுமுங்களா?

— ஃபேர்லேண்ட்ஸ்ல என்ற ஜவுளி ஆபீஸ்ல, இதை வெச்சுத்தானுங்க துணியில இழை எண்ணறேன். இங்க பாருங்க. கையெழுத்துப் போட்ட பொறகுதான் தோல் வெடிச்சிருக்கு, கோடு அங்கங்க அறுந்து நிக்குது. நேத்துப் போட்டிருந்தா மை வெடிப்புக்குள்ள ஓடியிருக்கும். அதனால அந்தக் காலத்துல போட்டதுதான். போட்டது யாருங்கறதுதான் கேள்வி.

— ரயில்வே டீமு கப்பு வாங்கின அன்னிக்கு, இதே சூரமங்கலத்துல, என்ற கண்ணு முன்னால போட்டாங்க. அவிய ஆடுன வாலிபால் பந்து இது சாமி. அவியளும் போய்ச் சேந்துட்டாங்க, நான் மக ஊட்டோட போகப்போறேன், அருமை தெரிஞ்ச கையில இருக்கட்டும்னுதான் உங்களை வரச் சொன்னேன்.

— அவியன்னா வீரபாகுதானுங்களே?

— ஊட்டுக்காரர் பேரை நான் சொல்றதில்லீங்க. நீங்களே சொல்லிக்கங்க.

— கோவிச்சுக்காதீங்க. என்கிட்ட அசல் ஒண்ணு இருக்குதுங்க. ஏழாவது படிக்கறப்ப கால் ஒடிஞ்சு, கட்டுப் போட்டுக் கெடந்தேன். இனி ஆடவே முடியாதுன்னு அழுதுட்டே அவருக்குக் கடுதாசி போட்டேன். பதிலுக்கு அவரோட இந்தப் போட்டோ வந்துது, பாருங்க. ‘எந்திரிச்சு நில்லு தம்பி, பந்து காத்துட்டு இருக்குது.’ கீழ கையெழுத்து. எழுத்து எப்படி, கோலம் போட்டாப்பல! உங்க பந்துல கோழி கெளறுனாப்பல இருக்குதுங்க.

— அதென்னமோ போங்க... இதை இன்னுமா வெச்சிருக்கீங்க?

— இதைப் பார்த்துத்தானுங்க எந்திரிச்சு நடந்தேன். காலேஜ் டீம் வரைக்கும் ஆடினேன். இன்னிக்கும் ஆபீஸ்ல என்ற சேருக்கு எதுத்தாப்பல இதுதான் தொங்கும், ஒத்துப் பார்க்கத்தான் கழட்டிட்டு வந்தேன்.

— அப்பச் சரி சாமி. பந்து போலின்னே வெச்சுக்கங்க. பரண்லயே போட்டர்றேன். காப்பி ஆறுது, குடிங்க.

— ஏனுங்க, இத்தனை நேரம் சண்டை கட்டிட்டு, போட்டோவைப் பார்த்ததும் வுட்டுக் குடுக்கறீங்க?

— நீங்க நல்லா இருந்தாப் போதுமுங்க.

— அம்மா, நான் வேண்டாம்னுட்டுப் போனா, வீரபாகு ஊட்டுலயே போலிப் பந்துன்னு ஊரு பேசும். பரவாயில்லீங்களா?

— அது மட்டும் பொறுக்காதுங்க. அவிய கையை எப்பவாச்சும் கிட்டத்துல பார்த்திருக்கீங்களா?

— பார்த்ததில்லீங்க. வலைக்கு மேல பந்தைத் தடுத்துத் தடுத்து, வலது கையில மூணு விரல் மடங்கவே மடங்காதுன்னு சொல்லக் கேட்டிருக்கேன்... அட! அந்தக் கையில பேனா புடிச்சா...

— கோழி கெளறுனாப்பலதான் வரும். சம்பளக் கையெழுத்தும் அப்படித்தானுங்க.

— அப்ப இந்தப் போட்டோவுல எழுதினது யாருங்க?

— அப்ப ஊட்டுல இருந்தது நாங்க ரெண்டே பேருங்க.

— நீங்களா? அவர் பேரைச் சொல்லவே மாட்டீங்களே!

— சொல்லத்தான் மாட்டேன் சாமி. மூட்டை மூட்டையாக் கடுதாசி வந்து கெடந்தா, எழுதாம முடியுமுங்களா?

— சரிங்க... அந்த வரி? அதாச்சும் அவர் சொல்லி எழுதினதா?

— அவிய கல்கத்தாவுக்கு மேட்ச் ஆடப் போயிருந்தாங்க. சின்னப் பையன் படுத்துக் கெடக்கறானேன்னு எனக்கு மனசு கேக்கலை. நானாத்தான் எழுதினேன். வருத்தமா இருக்குதுங்களா?

— ரொம்ப வருத்தமுங்க. இத்தனை வருசமா வேற ஆளைக் கும்புட்டுட்டு இருந்திருக்கேன். பந்து அசல்தானுங்க, நான் எடுத்துக்கறேன். போட்டோவுலதான் ஒரு கையெழுத்துக் குறையுது. இந்தாங்க பேனா, உங்க பேரை எழுதுங்கம்மா.