உள்ள போங்க, நிறைய இடம் இருக்கு

என் மனைவி மேல் நான் வைத்திருக்கும் அன்பின் விலை நாளொன்றுக்கு இரண்டு டீ, ஒரு பாக்கெட் பிஸ்கட். மாதக் கணக்கில் பேசி முடித்ததால் இந்த விலைக்குப் படிந்தது. அன்றன்றைக்கு என்று கேட்டிருந்தால் இன்னும் கூடியிருக்கும்.

நீங்கள் இந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர். உங்கள் வாசல் காவலாளியை நான் பிடித்துத் தள்ளினேன் என்று புகார். உண்மைதான் அம்மா. தள்ளினேன். அவர் பூந்தொட்டி மேல் போய் விழுந்தார். தொட்டி உடைந்தது, அவர் முழங்கை சிராய்ந்தது. "மனைவியைப் பார்க்க விடவில்லை என்ற ஏக்கத்தில் நிதானம் தவறிவிட்டார், பாவம்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் இரக்கப்பட்டு என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்த 'பாவம்' என்ற சரக்கு எனக்குச் சேர வேண்டியது இல்லை. விலாசம் மாறி வந்த சரக்கைத் திருப்பித் தருவதுதான் வியாபார தர்மம்.

நான் பயணப் பெட்டி விற்பவன். ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் தொற்றுக் காலத்தில் பயணப் பெட்டி விற்பவனின் நிலைமையை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஒருவர் கடைக்கு வந்தார். போன வருஷம் வாங்கிய பெட்டியைத் திருப்பித் தர வந்தவர். ஆகவே எனக்கு நேரம் ஏராளமாக இருந்தது. என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்து உங்கள் இரண்டாம் மாடியில் சேர்த்தபோது, நேரம் இல்லை என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை.

உங்கள் விதி நல்ல விதி. மருந்து ஏறும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்காது, அதனால் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பார்வையாளர். கழுத்தில் மாட்ட ஒரு பச்சை அட்டை. மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம். வேறு ஆள் வர வேண்டுமானால் முதல் ஆள் அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். என் மனைவிக்கான அட்டையை என் கையில்தான் கொடுத்தீர்கள்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு ஏறினேன். முதல் மாடித் திருப்பத்தில் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் கழுத்திலும் இதே பச்சை அட்டை. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்று புரிந்தது. அதே வேகத்தில் நானும் திரும்பினேன்.

பயம் என்று நினைக்காதீர்கள். என்னிடமிருந்து அவளுக்கு ஏதாவது தொற்றிக்கொண்டால் என்ன ஆவது என்ற அக்கறை. அவளிடம் தொலைபேசியில், "கடைக்காரங்கள உள்ள விடமாட்டாங்களாம்மா. நூறு பேர் தொட்டத தொடுறவன்னு சொல்றாங்க," என்றேன். அவள், "உங்க கடைக்கா நூறு பேரு," என்று மட்டும் கேட்டாள்.

சும்மா வாயால் சொன்னால் யார் நம்புவார்கள். சரக்கைக் கண்ணில் காட்ட வேண்டும். அவள் படுக்கை ஜன்னலோரம், ஜன்னல் வாசலைப் பார்த்தபடி. அப்போது வாசலில் இருந்த காவலாளிக்குப் பெரிய மீசை. முகக்கவசத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். நானே அவரிடம் போய், தினமும் நாலு மணிக்கு நான் உள்ளே பாயவும் அவர் என்னைத் தடுத்துத் தள்ளவும் ஏற்பாடு செய்துகொண்டேன்.

"கையால தொடக் கூடாது முதலாளி, இடைவெளி விடணும்," என்றார் மீசை. "தடியாலதான் தள்ளுவேன்."

"தடியாலயே தள்ளுங்க. பார்க்கிறவங்களுக்குப் பலமா தெரியணும்."

"பலமாத் தள்ளினா பிஸ்கட் பாக்கெட் ரெண்டு."

"ஒண்ணு. சட்டை பட்டன் தெறிச்சா?"

"பட்டன் உங்களுது. தெறிக்கிறது இலவசம்."

இப்படித்தான் விலை படிந்தது. நாலு மணிக்குப் பழப்பையோடு வருவேன். "என் பொண்டாட்டிய பார்க்க விடுங்கய்யா" என்று கத்திக்கொண்டு பாய்வேன். மீசை என் நெஞ்சில் தடியை வைத்துத் தள்ளுவார். நான் பத்தடி பின்னால் போய், மேலே பார்த்துக் கைகூப்புவேன். அவள் தலையில் துணி கட்டியிருப்பாள். கையை ஆட்டுவாள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மாதிரியேதான் இருந்தாள் அம்மா. பெட்டியைக் கிட்டப் போய்த் திறந்து பார்த்துவிட்டால் பிறகு பேரம் பேச முடியாது. தள்ளி நிற்கிறவரைக்கும் எந்த விலையும் முடிவான விலை இல்லை.

போகப் போக மற்ற ஜன்னல்களிலும் தலைகள் தெரிந்தன. கைதட்டல் கேட்டது. மீசைக்கும் தொழில் மேல் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. "இன்னிக்கு ஒரு சுத்து சுத்தி விழுங்க முதலாளி, நேத்து மாதிரியே இருந்தா சலிச்சுப்போகும்," என்பார்.

அவள் தங்கை வந்தாள். வண்டி வாகனம் ஓடாத நாளில் காய்கறி லாரியில் ஏறி, வெங்காய மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து வந்து இறங்கினாள். "மாமா, ஒரே ஒரு தடவை அக்காவைப் பார்த்துட்டுப் போயிடறேன்," என்றாள். அட்டையை அவளிடம் கொடுத்திருக்கலாம். என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. ஆனால் கொடுத்தால், உள்ளே போக முடியும் என்பது வெளியே தெரிந்துவிடுமே. "யாரையும் விடமாட்டேங்கறாங்கம்மா. நானே தினம் அடிபடறேன், பாரு," என்று சொல்லி அவள் கண் முன்னால் ஒரு தடவை பாய்ந்து காட்டினேன். மீசை அன்றைக்குத் தடியைச் சுழற்றித் தள்ளினார். நான் சுற்றி விழுந்தேன். அவள் அழுதுகொண்டே, "அக்கா குடுத்து வச்சவ மாமா," என்றாள். கீழேயிருந்து அக்காவுக்குக் கை காட்டிவிட்டு அடுத்த லாரியில் போய்விட்டாள். அன்று மட்டும் மீசை எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனிதான் பூந்தொட்டி விஷயம். நேற்று மீசை விடுப்பு. எனக்கு யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவராம். நான் வழக்கம்போல் கத்திக்கொண்டு பாய்ந்தேன். அவர் நகர்ந்து வழி விட்டார்.

"உள்ள போங்க சார், உள்ள போங்க."

நான் நின்றுவிட்டேன். மேலே ஜன்னல் முழுக்கத் தலைகள்.

"என்னைத் தடுக்கணும் நீங்க," என்றேன் மெதுவாக.

"எதுக்கு சார் தடுக்கணும்? பைல பச்சை அட்டை எட்டிப் பார்க்குது. வாசல்லயே நிக்காதீங்க, உள்ள நிறைய இடம் இருக்கு."

ஆயுள் முழுக்க மனிதர்களை உள்ளே தள்ளியே பழகியவர். என் முதுகுக்குப் பின்னால் வந்து, தடியைக் குறுக்காகப் பிடித்து, அன்பாக நெருக்கிக்கொண்டே போனார். "போங்க, போங்க, முன்னாடி போங்க." நான் காலை ஊன்றினேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். படிக்கட்டு கிட்டத்தில் வந்துவிட்டது. முதல் மாடித் திருப்பம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் திரும்பி அவரைத் தள்ளினேன். உள்ளே விடாததற்காக அல்ல அம்மா. விட்டதற்காக.

ராத்திரி அவள் தொலைபேசியில் பேசினாள்.

"விழுந்தவருக்கு அடி பட்டுதாங்க?"

"முழங்கை மட்டும். இந்தக் கடைக்காரங்களுக்கான விதி இருக்கே..."

"பக்கத்துக் கட்டில் அம்மாவோட வீட்டுக்காரர் தினமும் நாலு மணிக்கு வந்துடறாரு. மளிகைக் கடை வச்சிருக்காரு. என் கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கெடக்கு இல்ல, அதை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கிட்டு உங்களைத்தான் வேடிக்கை பார்ப்பாரு."

மளிகைக் கடைக்காரர் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வியாபாரத்தில் நான் இப்படிக் கோட்டை விட்டதில்லை.

"அப்போ உனக்கு..."

"மொத வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வாசலுக்கும் வரமாட்டீங்க."

பிறகு அவளே பேசினாள். "வெள்ளிக்கிழமை என்னை அனுப்புறாங்க. உடம்பு தேறிடுச்சுன்னு சொல்றாங்க, பாதி எடைதான் இருக்கேன். தலையில ஒரு முடி இல்ல. புருவமும் இல்ல. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக்கூடாது. நாலு மணிக்கு வாசல்ல நில்லுங்க."

அவ்வளவுதான் அம்மா. கணக்கை முடித்துவிடுகிறேன். உடைந்த தொட்டிக்குப் பதில் புதுத் தொட்டி வாங்கி வைத்துவிட்டேன், அது நேர். கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவரும் "பரவால்ல, நெரிசல்ல இது சகஜம்" என்றார், அதுவும் நேர். மீசைக்கு டீயும் பிஸ்கட்டும் பாக்கி இல்லை. அவர்தான் எனக்கு ஒரு டீ அதிகம் கொடுத்திருக்கிறார். மைத்துனிக்கு ஒரு லாரிப் பயணம் தர வேண்டும். என் மனைவிக்கு, ஒவ்வொரு நாளும் அரை மணி நேரமாகச் சேர்த்தால், ஒரு நாற்காலி நிறையத் தர வேண்டும். நான் ஏறாமல் விட்ட படிகளை எல்லாம் வெள்ளிக்கிழமை அவளே இறங்கி வருகிறாள்.

பயம் எல்லாம் ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அட்டையை இதோ மேஜை மேல் வைக்கிறேன், புதுசு போலவே இருக்கிறது. ஒரே ஒரு உதவி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாசலில் மீசையையே போட முடியுமா? பிஸ்கட் இரண்டு பாக்கெட்டாகவே தந்துவிடுகிறேன், பேரம் பேசமாட்டேன்.