கவுண்டு படுக்கத் தெரியாதவன்

வாவியைக் கடக்கும் பாதைப் படகில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயற்காரர் இரண்டு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். வெள்ளைச் சாரன்காரர்தான் தொடங்கினார்.

“அமெரிக்காவும் சீனாவும் அடிபட்டா, முதல்ல சாகிறது என்ட மகன்தான் மச்சான்.”

நல்ல பகிடி ஒன்று வருகிறது என்று காதைக் கொடுத்தேன். குடை வைத்திருந்த மற்றவரும் சிரித்தார்.

“ஏன், உன்ட மகன் என்ன ஜனாதிபதியா?”

“கட்டார்ல, அமெரிக்கன்ட ஆமிக்கேம்ப்ல கோப்பை கழுவுறான். அடிக்கிறவன் முதல்ல அதுக்குத்தானே அடிப்பான்?”

“அப்ப ஆருடா வெல்லுவான்?”

“ஆரும் வெல்லட்டும். நமக்கு ஷெல் சத்தம் கேட்டா உடம்பு தானாக் கவுண்டு படுக்கும். இவன் இங்க சண்டை முடியக்குள்ள தொட்டில்ல கிடந்தவன். சத்தம் கேட்டா போனைத் தூக்கிட்டு மேல்மாடிக்கு ஓடுவான், வீடியோ எடுக்க.”

“சொல்லிக் குடுவன்டா.”

“நேத்தும் வீடியோ கோல்ல, முற்றத்தில படுத்துக் காட்டினேன். காதைப் பொத்து, வாயைத் திற எண்டேன். கூட இருக்கிற பொடியனுகளையும் கூப்பிட்டு என்னைக் காட்டிச் சிரிக்கான்.”

குடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கத் தயாரானார்.

பாதைப் படகு கரை தட்டியது. அதன் இரும்புப் பலகை துறையில் ‘டமார்’ என்று விழுந்தது. இரண்டு பேரும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்கள்.

நான் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.